நிந்தவூரில் பூனையாரின் மாமி

மாசி நடுவில் எனக்கு மூன்று நாள் லீவு கிடைத்தது. அந்த மாதத்தில் கிழக்குக் கரைக்குப் போகிறவர்கள் பாசிக்குடாவில் நின்றுவிடுவார்கள், இல்லாவிட்டால் ஒரே ஓட்டமாக அறுகம்பைக்குப் போய்விடுவார்கள். நடுவில் கிடக்கும் கல்முனை அவர்களுக்குப் பஸ் நின்று தேத்தண்ணி குடிக்கும் இடம், அவ்வளவுதான். நானும் இத்தனை வருடம் அப்படித்தான் அதைக் கடந்து போயிருக்கிறேன். இந்த முறை இறங்கினேன். கடல் பார்க்க அல்ல. இறந்துபோன ஒரு சிரிப்புக்காரரின் வீட்டைப் பார்க்க.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் லெவ்வைத்தம்பி. அந்தப் பெயரில் தேடினால் ஊரில் யாருக்கும் தெரியாது. "பூனையார்" என்று சொல்ல வேண்டும். நாற்பது வயதைத் தாண்டிய கிழக்கிலங்கைக்காரர் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். முதலில் சிரிப்பார், பிறகுதான் பதில் சொல்வார். நான் யாழ்ப்பாணத்துக்காரி. எனக்கு அவர் அறிமுகமானது அப்பா வழியாக. அப்பா கொஞ்சக் காலம் கல்முனையில் ஒரு அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்தார். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருவார். கையில் கருவாடு இருக்கும், வாயில் பூனையாரின் புதுக் கதை இருக்கும். அப்பாவுக்குப் பகிடி விடவே வராது. கல்யாண வீட்டில் பகிடி சொல்லி எல்லோரையும் மௌனமாக்கக்கூடிய மனிதர். ஆனால் பூனையாரின் கதையை மட்டும் அவர் சொன்னாலும் நாங்கள் உருண்டு சிரிப்போம்.

கதை விளங்க வேண்டுமென்றால் ஊர்ப் பழக்கம் ஒன்று தெரிய வேண்டும். இந்தக் கரையில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பார். முஸ்லிம்களிலும் அப்படித்தான், தமிழர்களிலும் அப்படித்தான். வீட்டோடு மாப்பிள்ளை என்று நக்கலடிக்க அங்கே யாருமில்லை, எல்லோருமே வீட்டோடு மாப்பிள்ளைதான். போய் இருக்கிற வீட்டில் மாமியார் இருப்பார். அந்தக் காலத்தில் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் கதைக்க மாட்டார்கள். கோபத்தால் அல்ல, வெட்கத்தால், மரியாதையால். மருமகன் வந்தால் மாமியார் முக்காட்டை இழுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விடுவார். சொல்ல வேண்டியதைப் பிள்ளைகளிடம் சொல்லுவார், அவர்கள் போய்ச் சொல்ல வேண்டும். பக்கத்தில் பிள்ளை இல்லாவிட்டால்? அங்கேதான் பூனை வருகிறது.

மேடையில் ஒரு கதிரையும் ஒரு கதவுச் சட்டமும் மட்டும்தான் இருக்குமாம். கதிரையில் இருந்தால் அவர் மருமகன், சால்வையை முக்காடாகப் போட்டுக் கதவுக்குப் பின்னால் போனால் அவரே மாமி. நடுவில் இல்லாத ஒரு பூனை. "பூனே, சோறு ஆறுது எண்டு மருமகனுக்குச் சொல்லு" என்பார் மாமி. "பூனையாரே, கறி என்ன எண்டு மாமிக்கிட்டக் கேளுங்க" என்பார் மருமகன். மாமியாருக்குப் போக வேண்டிய மரியாதையெல்லாம் பூனைக்குப் போய்ச் சேரும். "பூனே, மீன் வாங்கித் தந்திருந்தா என்ன கறி எண்டு அவருக்கே தெரிஞ்சிரிக்கும். வாங்கித் தராத வீட்டுல என்ன கறி எண்டு நீயே சொல்லு" என்று பதில் வரும்.

எல்லாவற்றிலும் பேர்போனது பூனை ஓடிப்போன கதை. குசினியில் நெருப்புப் பிடிக்கிறது. மாமி கண்டுவிட்டார், மருமகனுக்குச் சொல்ல வேண்டும். "பூனே..." என்று தொடங்கினால் பூனையைக் காணோம். நெருப்பைக் கண்டு அது முதலே ஓடிவிட்டது. மருமகனுக்கும் வாளி எங்கே என்று கேட்க வேண்டும், அவருக்கும் ஆளில்லை. இரண்டு பேரும் பூனையைத் தேடித் தேடியே வீடு எரிந்து முடிகிறது. எந்தக் கதை என்றாலும் முடிவு ஒன்றுதான். மருமகன் கதிரையை விட்டு எழும்பி, குரலைத் தாழ்த்தி, "பூனையாரே, மாமிக்கு என்னோட கோவமா எண்டு கேளுங்க" என்பார். உடனே சால்வை தலைக்கு ஏறும். "பூனே, கோவமெண்டா சோறு போட்டிரிப்பனா எண்டு கேளு!" கூட்டம் எழும்பிவிடும்.

பூனையார் முந்தின வருடம் காலமானார். முகநூலில் இரண்டு நாள் எல்லோரும் கண்ணீர் விட்டார்கள், மூன்றாம் நாள் வேறொருவருக்காக விட்டார்கள். ஒருமுறையாவது அவரை மேடையில் பார்க்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டே இருந்தேன். பார்க்கவில்லை. கவலையாக இருக்கிறது, வேறென்ன சொல்ல. வீட்டையாவது பார்த்துவிட்டு வருவோம் என்றுதான் புறப்பட்டேன்.

கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு இரவு ரயில். இரண்டாம் வகுப்பு இருக்கையை முன்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள், மூன்றாம் வகுப்பில் வந்தால் இறங்கும்போது முதுகு உங்களுடையதாக இருக்காது. மட்டக்களப்பிலிருந்து கல்முனை நாற்பது கிலோமீட்டர் அளவு. காலை ஆறேகாலுக்கு எடுத்த பஸ் எட்டு மணிக்கு முன் கொண்டுவந்து விட்டது, கட்டணம் நூற்றெண்பது ரூபா. இடது பக்க ஜன்னலில் இருந்தால் கடல் தெரியும் என்று யாரோ ஒரு பதிவில் எழுதியிருந்தார்கள். நம்பாதீர்கள். வீடும் கடையும் மதிலும்தான் தெரியும். ஒரு ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைக் கோயிலையும் பள்ளிவாசலையும் தேவாலயத்தையும் வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

கல்முனைச் சந்தைக்குப் பக்கத்துக் கடையொன்றில் இடியப்பமும் மீன் சொதியும் தின்றேன். முந்நூற்றைம்பது ரூபா, சம்பலுக்குத் தனிக்காசு இல்லை. பிறகு ஆட்டோ தேடினேன். சாமுவேல் அண்ணன் கிடைத்தார். அறுபது வயதிருக்கும், கல்முனையிலேயே பிறந்து வளர்ந்த மெதடிஸ்த கிறிஸ்தவர். வண்டியின் முன்கண்ணாடியில் ஒரு பைபிள் வசனமும் அதற்குக் கீழே ஒரு பூனைப் படமும் ஒட்டியிருந்தார்.

"தங்கச்சி எவடத்த போகணும்?" என்று கேட்டார்.

"நிந்தவூர். பூனையார்ர வீடு."

அவர் சிரித்தார். நான் சொன்னேன் அல்லவா, முதலில் சிரிப்பு, பிறகுதான் பதில். "அங்க இப்ப மாமிதான் இரிக்கா."

"எந்த மாமி?"

"எந்த மாமியா? நல்லாக் கேட்டீங்க. உலகத்துல ஒரே ஒரு மாமிதான் தங்கச்சி, மத்ததெல்லாம் சும்மா பொம்புளயள்."

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. கதையில் வருகிற மாமி நிஜமாகவே இருக்கிறார், இப்போதும் உயிரோடு இருக்கிறார் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. மருமகன் போய்விட்டார், மாமி இருக்கிறார். அவர் மருமகனை விடப் பத்து வயதுதான் மூத்தவராம். அந்தக் காலத்துக் கல்யாணக் கணக்கு அது.

அரை நாளுக்கு நாலாயிரம் ரூபா என்று பேசிக்கொண்டோம். நேரே நிந்தவூருக்குப் போனால் கடற்கரை வீதியில் பத்துக் கிலோமீட்டருக்குள்தான். ஆனால் சாமுவேல் அண்ணன் காரைதீவுச் சந்தியில் மேற்கே திருப்பிச் சம்மாந்துறைப் பக்கம் விட்டார். "எங்க தொடங்கின எண்டு பாக்காம முடிஞ்ச இடத்தப் பாத்து என்ன செய்யிற?" என்றார். அவர் சொன்னது சரி. நீங்களும் அப்படியே போங்கள்.

வெள்ளாமை வெட்டுக் காலம். வீதியின் பாதியை நெல்லுக்குக் கொடுத்துவிட்டார்கள். தார் ரோட்டில் பாய் விரித்தது போல நெல் காய்கிறது, வண்டிகள் மற்றப் பாதியில் மரியாதையாக ஒதுங்கிப் போகின்றன. வீரமுனையைத் தாண்டி வாய்க்கால் ஓரமாக நிறுத்தினார். வரப்பில் ஒரு வாடி நின்றது. வெட்டுக் காலத்தில் ஆண்கள் வயலிலேயே தங்கிக் காவல் இருக்கும் குடிசை அது. தகரம் புதிது, இடம் பழையது.

"பூனையார் சம்மாந்துறைல பிறந்தவர். நிந்தவூருல மாப்பிள்ளையாப் போன புதுசுல இந்த வாடிக்குத்தான் காவலுக்கு வருவார்" என்றார் சாமுவேல் அண்ணன். "எங்கட அப்பாவும் பக்கத்து வயல்ல நிண்டவர். வாடிக்குப் பொம்புளயள் வாறதில்ல. அந்தத் துணிச்சல்ல மாமிய மாதிரிக் கதைச்சுக் காட்டத் தொடங்கினார். சோனக ஆக்களும் சிரிச்ச, தமிழ் ஆக்களும் சிரிச்ச. எல்லாருக்கும் வீட்டுல மாமி இரிக்கிதானே."

வாடியிலிருந்து பள்ளிக்கூட மேடைக்குப் போனாராம், அங்கிருந்து கொழும்புக்கு, வானொலிக்கு. வானொலியில் அவருடைய பேச்சை மாற்றச் சொன்னார்கள், கிழக்குப் பேச்சு மற்ற ஊர்களுக்கு விளங்காது என்று. பூனைக்கு வேறு பேச்சு விளங்காது என்று அவர் பதில் சொன்னதாகச் சாமுவேல் அண்ணன் சொன்னார். நடந்ததோ கட்டினதோ தெரியாது, ஆனால் அவர் கடைசிவரை பேச்சை மாற்றவில்லை. பிறகு யுத்தம் வந்தது, கெட்ட காலம். இந்த ஊரார் அந்த ஊருக்குப் போக முடியாத வருடங்கள். மேடை நின்றுபோயிற்று.

"அந்த வருசங்கள்ல ஆக்கள் அங்கிட்டு இங்கிட்டுப் போறதில்ல. ரேடியோ மட்டும் போச்சு" என்றார்.  வாய்க்காலில் முகம் கழுவிவிட்டு வண்டியில் ஏறினார்.

திரும்பும் வழியில் அவரே பேச்சை மாற்றினார். "சுனாமி வந்த அண்டைக்கும் ரெண்டு பேரும் நேரா கதைக்கல்லயாம். 'பூனே, கடல் வருது எண்டு மருமகனுக்குச் சொல்லு' எண்டாவாம் மாமி" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரு மணித்தியாலம் கழித்து அந்தச் சிரிப்புக்காக வெட்கப்பட்டேன்.

நிந்தவூரில் கடல் பக்கம் போகும் ஒழுங்கைகளில் ஒன்றில் வீடு. சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடு, பழைய வீடு இன்னும் கடலோரமாக இருந்ததாம். கடல் வந்தபோது பூனையாரின் ஒலிநாடாக்கள் அனைத்தும் வீட்டோடு போய்விட்டன. இன்று கைபேசிகளில் சுற்றுவது ஒரே ஒரு பதிவுதான், சுனாமிக்கு நெடுநாள் பின் ஒரு பள்ளிக்கூட விழாவில் யாரோ எடுத்தது. அத்தனை வருட உழைப்பில் மிச்சம் அவ்வளவுதான்.

பூனையாரின் மனைவி சுபைதா ராத்தா கேற்றைத் திறந்தார். அக்காவை அங்கே ராத்தா என்பார்கள். சாமுவேல் அண்ணன் தான் யாரென்று சொல்லி, என்னையும் அறிமுகப்படுத்திவிட்டு, வெளியே மாமர நிழலில் நின்றுகொண்டார். நான் தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். வரவேற்பறையில் ஒரு கதிரை சுவரோடு தனியாகக் கிடந்தது. அதில் இருக்கப் போனேன். "அதில வேணா தங்கச்சி, இதில இரிங்க" என்று ராத்தா வேறொன்றை இழுத்துத் தந்தார். யாருடைய கதிரை என்று சொல்லத் தேவையில்லை.

அப்போது உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"பூனே, இந்தப் புள்ள எங்க இரிந்து வந்திரிக்கி எண்டு கேளு."

எனக்கு மயிர் கூச்செறிந்தது. அப்பா செய்து காட்டிய குரல், பதிவில் கேட்ட குரல், அதே இழுவை, அதே எரிச்சல். இத்தனை காலமும் அந்தக் குரலைப் பூனையார் மிகைப்படுத்திச் செய்கிறார் என்று நினைத்திருந்தேன். இல்லை. கொஞ்சம் குறைத்துத்தான் செய்திருக்கிறார். கதவடியில் உண்மையாகவே ஒரு சாம்பல் நிறப் பூனை கிடந்து நித்திரை கொண்டது.

"எனக்கு ஊர் யாழ்ப்பாணம் உம்மா" என்றேன்.

"பூனே, யாழ்ப்பாணத்தார் பூனைக்குப் பதில் சொல்ல மாட்டாங்களா எண்டு கேளு."

ராத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு மாமி வெளியே வந்தார். எண்பது வயதைத் தாண்டிய மெல்லிய உருவம், வெள்ளை முக்காடு, கண்ணில் குறும்பு. பகிடிக்காகத்தான் அப்படிக் கேட்டாராம். "என்னப் பாக்க வாற ஆக்கள் அதுக்குத்தானே வாற. கேக்காமப் போனா அவங்களுக்கு ஏமாத்தமாயிரிக்கும்" என்றார்.

தேத்தண்ணி வந்தது, தொதல் என்கிற இனிப்பு வந்தது. நான் மெதுவாகக் கேட்டேன், மருமகன் உங்களை வைத்துக் கதை கட்டினாரே, முதன்முதலில் ரேடியோவில் கேட்டபோது கோபம் வரவில்லையா என்று. ஊரில் எல்லோரும் மாமிக்குப் பெரிய கோபம் என்றுதான் சொல்கிறார்கள். ராத்தாவும் அதைத்தான் சொன்னார். அந்தக் கிழமை முழுக்க உம்மாவின் முகத்தைப் பார்க்கவே தனக்குப் பயமாக இருந்ததாம்.

மாமி தொதலைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார்.

"மகள், அதெல்லாம் ஆர் சொன்ன கதையள்? அவர் கட்டினதா?" என்றார். "மீன் வாங்கித் தராத கதை நான் சொன்ன. கறிக்கு உப்பில்லாத கதை நான் சொன்ன. அவர் அந்தக் கதிரையில இரிப்பார், நான் கதவுக்கு அங்கால நிண்டு பூனையோட கதைப்பன். முதல்ல சும்மாதான் கதைச்ச. ஒரு நாள் ரேடியோவுல நான் சொன்னது அப்பிடியே வருது. அதுக்குப் பிறகு யோசிச்சு யோசிச்சுத்தான் கதைச்ச. அவர் கேக்கிறார் எண்டு எனக்குத் தெரியும். சிரிப்பு வந்தா இருமுவார்."

சுபைதா ராத்தா தன் உம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். இது அவருக்கும் புதுக்கதை என்பது முகத்தில் தெரிந்தது. "உம்மா, இதை ஏன் ஒரு நாளும் சொல்லல்ல?" என்றார்.

"ஆரிட்டச் சொல்ற? பூனைக்குத் தெரியும்" என்றார் மாமி.

அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் இத்தனை காலம் ஒரு ஊரையே சிரிக்க வைத்திருக்கிறார்கள். இடையில் ஒரு கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தனக்கு வேண்டுமென்றே கதை எடுத்துத் தருகிறார் என்று பூனையாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் ஒவ்வொரு மேடையிலும் கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். ஊருக்கு அது பகிடி. அவருக்கு அது பகிடி இல்லை என்று ராத்தா சொன்னார். ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்து வந்ததும் மனைவியிடம் கேட்பாராம், "மாமி கோவமா இரிக்காவா?" என்று. "எனக்கென்ன தெரியும், உம்மாட மூஞ்சி எப்பவும் அப்பிடித்தானே எண்டு சொல்லிப்போடுவன்" என்றார் ராத்தா. சொல்லிவிட்டு அழுதார்.

சுனாமியைப் பற்றியும் ராத்தாதான் சொன்னார். நான் கேட்கவில்லை, கேட்கத் துணிவில்லை. "ஓடேக்க உம்மாவால ஏலாமப் போயிற்று. அவர் தோளில தூக்கிட்டு ஓடினார். பிரதான வீதி வரைக்கும் தூக்கிட்டுப் போனார். ரெண்டு பேரும் ஒரு வார்த்தை கதைக்கல்ல தங்கச்சி. இறக்கி விட்டதும் உம்மா முக்காட்ட இழுத்து விட்டுட்டு அங்கால திரும்பி நிண்டா." வெளியே மாமரத்தடியில் நின்ற சாமுவேல் அண்ணனை ஜன்னல் வழியே பார்த்தேன். வழியில் நாங்கள் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது.

பூனையாருக்குச் சீனி வருத்தம், சர்க்கரை நோய்தான், கடைசியில் சிறுநீரகம் போயிற்று. ஆஸ்பத்திரி வாட்டில் இருந்த கடைசி நாட்களில் ஒரு பின்னேரம், மாமி பார்க்கப் போயிருந்தார். ராத்தா சுடுதண்ணீர் எடுக்க வெளியே போனார். பக்கத்துக் கட்டிலும் வெறுமையாகக் கிடந்தது. இனி நடந்ததை மாமி தன் வாயால் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அவர் கண்ணத் திறந்து என்னப் பாத்தார். நான் முக்காட்ட இழுத்த. 'மாமி' எண்டார். நேரா. பூனையும் இல்ல, ஒண்டும் இல்ல. 'மாமி, என்னோட கோவமா?' எண்டார். எனக்குக் கையும் ஓடல்ல காலும் ஓடல்ல. ஆரிட்டச் சொல்ற எண்டு சுத்திப் பாத்த. மகளும் இல்ல. வாட்டுல பூனைக்கு எங்க போற? நான் வாயத் திறக்கல்ல. இவ தண்ணியோட வாறதுக்குள்ள அவர் நித்திரையாப் போயிற்றார். விடியச் சுபஹுத் தொழுகை நேரம் மௌத்தாப் போயிற்றார்."

 பூனை எழுந்து முதுகை வளைத்துவிட்டு மறுபடி படுத்தது.

"மையத்து வீட்டில சொல்லியிருக்கலாமே உம்மா" என்று நான்தான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஊரே நிண்டிச்சு. ஊருக்கு முன்னால எப்பிடிக் கதைக்கிற? பிறகு தூக்கிட்டுப் போயிற்றாங்க. மையவாடிக்குப் பொம்புளயள் போறதில்லயே" என்றார். பிறகு, "அந்தக் குரலயாவது ஒருக்காக் கேக்கணும் எண்டு இவங்கட்டச் சொன்ன. போட்டுத் தாறாங்க இல்ல" என்றார்.

ராத்தாவின் பிள்ளைகள் கட்டாரில் இருக்கிறார்கள். உம்மம்மாவை நக்கலடிக்கிற கதையை அவருக்கே போட்டுக் காட்டுவதா என்று அவர்கள் பேசாமல் விட்டிருக்கிறார்கள். ராத்தாவுக்குக் கணவரின் குரலைக் கேட்கும் தைரியம் இல்லை. ஆளாளுக்கு நல்ல மனதோடுதான் மறைத்திருக்கிறார்கள். என் கைபேசியில் அந்தப் பதிவு இருந்தது. ராத்தாவைப் பார்த்தேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுத் தலையசைத்தார்.

போட்டேன். கூட்டத்தின் சத்தம், ஒலிவாங்கியின் கீச்சு, பிறகு பூனையாரின் இருமல். குரல் வந்ததும் மாமி எழும்பினார். முக்காட்டை இழுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். பழக்கம். பூனை ஓடிப்போன கதை முழுவதும் அங்கே நின்றே கேட்டார். கதவிடுக்கால் பார்த்தேன், தான் சொன்ன வசனங்கள் வரும்போது அவர் உதடு அசைந்தது. கடைசியில் அந்தக் கேள்வி வந்தது: "பூனையாரே, மாமிக்கு என்னோட கோவமா எண்டு கேளுங்க."

மாமி வாயைத் திறந்தார். அதற்குள் பதிவில் இருந்த பொய் மாமி பதில் சொல்லிவிட்டார், கூட்டம் கைதட்டத் தொடங்கியது. நிஜ மாமியின் குரல் அதில் அமுங்கிப்போனது.

"கதைக்க விடுறாரில்ல" என்றார் மாமி. அவருக்கு உண்மையாகவே ஆத்திரம் வந்துவிட்டது. "இன்னொருக்காப் போடு."

மறுபடி போட்டேன், கடைசிப் பகுதியை மட்டும். இந்த முறை மாமி கதவுக்குப் பின்னால் போகவில்லை. வந்து கைபேசிக்கு முன்னால், அந்தத் தனிக் கதிரைக்கு எதிரில் இருந்தார். கேள்வி முடிந்த இடத்தில் நான் விரலை வைத்து நிறுத்தினேன்.  மாமி முக்காட்டை இழுக்கவில்லை. பூனையையும் பார்க்கவில்லை.

"கோவமில்ல மருமகன்" என்றார். "ஒரு நாளும் இரிக்கல்ல."

நான் அழுதேன். ராத்தாவும் அழுதார். மாமி அழவில்லை. தேத்தண்ணி ஆறிவிட்டது என்று சொல்லி எங்கள் இரண்டு பேரையும் ஏசினார்.

நாங்கள் புறப்படும்போது ஒரு மணி. சாமுவேல் அண்ணனிடம் வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். காரைதீவுச் சந்தியில் வண்டியை ஓரமாக நிறுத்தினார். பிறகு, தன் மாமியும் இருந்தவதான், முப்பது வருடம் ஒரே வீடு, ஒரு வார்த்தை கதைத்ததில்லை, செத்து வருடம் ஆறாகிறது என்றார். இப்போது பெடியன்கள் எல்லோரும் மாமியாரோடு நேராகவே கதைக்கிறார்களாம், சிலர் சண்டையும் பிடிக்கிறார்களாம். அது நல்லதா கெட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அந்த மௌனம் இல்லாவிட்டால் பூனையார் என்று ஒருவர் இருந்தே இருக்க மாட்டார். அந்த மௌனத்தால்தான் ஒரு பதில் போய்ச் சேரவும் இல்லை. கல்முனையில் இறங்கும்போது பேசின காசுக்கு மேல் ஒரு சதமும் வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

போக விரும்புகிறவர்களுக்கு. மாசி, பங்குனி நல்ல மாதங்கள், மழை விட்டிருக்கும், வெட்டு நடக்கும். வெள்ளிக்கிழமை போகாதீர்கள், மதியத்தில் கடைகள் பூட்டியிருக்கும், எல்லோரும் தொழுகையில் இருப்பார்கள். தங்குவதற்குக் கல்முனையில் சிறிய விடுதிகள் உண்டு, நான் மட்டக்களப்புக்கே திரும்பிவிட்டேன், கடைசி பஸ்ஸை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் ஒரு சால்வை எடுத்துப் போங்கள், ஆண்கள் அரைக்காற்சட்டையோடு ஒழுங்கைக்குள் நுழையாதீர்கள். அவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்தை ஆண்கள் பள்ளிவாசலில் கேட்டுக்கொண்டு போய்ப் பார்க்கலாம். வீட்டு விலாசத்தை நான் எழுதவில்லை. நிந்தவூரில் இறங்கி மாமி வீடு என்று கேளுங்கள், எந்த மாமி என்று மட்டும் யாரிடமும் திருப்பிக் கேட்காதீர்கள்.

வீட்டுக்குப் போனால் அந்தத் தனிக் கதிரையில் இருக்க வேண்டாம். பூனையிடம் கேள்வி வந்தால் பூனைக்கே பதில் சொல்லுங்கள். கைபேசியில் அந்தப் பதிவு இருக்கிறதா என்று மாமி கேட்பார். இருந்தால் போடுங்கள். ஆனால் கடைசிக் கேள்வி முடிந்ததும் உடனே நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு வருவதை மாமியே சொல்லுவார்.